பெஞ்சில் ஏழு ஃபார்வர்டுகள்: 2023 ரக்பி இறுதிப் போட்டிக்கு முன் ரசிகர்கள் எதற்காகச் சண்டை போட்டார்கள்?

கிரிக்கெட்டில் டாஸ் போடும் வரை பதினொரு பேர் யார் யார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ரக்பியில் அப்படியில்லை. பெரிய போட்டி என்றால் இரண்டு நாள் முன்பே 23 பேரின் பெயரும் சட்டை எண்ணோடு வெளியாகிவிடும். 1 முதல் 15 வரை ஆட்டத்தைத் தொடங்குபவர்கள், 16 முதல் 23 வரை பெஞ்ச், அதாவது மாற்று வீரர்கள். பயிற்சியாளர் யாரை நம்புகிறார், எதற்குப் பயப்படுகிறார், எந்த இடத்தில் துணிந்து சூதாடுகிறார் என்பதெல்லாம் அந்த ஒரு தாளில் தெரிந்துவிடும். அதைப் படிக்கத் தெரிந்த ரசிகர்களுக்கு அடுத்த இரண்டு நாளும் வாதம்தான்.

2023 அக்டோபர் 26, வியாழக்கிழமை அப்படி ஒரு தாள் வந்தது. சனிக்கிழமை இரவு பாரிஸில், ஸ்டேட் டி ஃபிரான்ஸ் அரங்கில், தென்னாப்பிரிக்காவும் நியூசிலாந்தும் உலகக் கோப்பை இறுதியில் மோதவிருந்தன. இரண்டுக்கும் அதுவரை மூன்று கோப்பைகள். தென்னாப்பிரிக்கா 1995, 2007, 2019-இல் வென்றது. நியூசிலாந்து 1987, 2011, 2015-இல். யார் ஜெயித்தாலும் நான்காவது கோப்பையைத் தொடும் முதல் நாடு அதுதான். இவ்வளவு பெரிய போட்டிக்குத் தென்னாப்பிரிக்கா வெளியிட்ட பெஞ்சில் ஏழு ஃபார்வர்டுகள், ஒரே ஒரு பேக்.

அந்த வாரத்து வாதங்களில் பல ரசிகர்களின் வழக்கமான கூச்சல்தான். ஆனால் இந்த 7-1 வாதம் வேறு ரகம். ரக்பி என்ற ஆட்டம் எப்படி இயங்குகிறது என்பதன் அடி வரை அது போனது. அந்த வாதத்தைப் புரிந்துகொண்டால் இறுதிப் போட்டியில் பிறகு நடந்ததும் புரியும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

களத்தில் இருக்கும் 15 பேரில் எட்டுப் பேர் ஃபார்வர்டுகள், ஏழு பேர் பேக்குகள். ஸ்க்ரம்மில் (இரண்டு அணி ஃபார்வர்டுகளும் தோள் பிணைந்து பந்துக்காக முட்டித் தள்ளுவது) தள்ளுவது, லைன்-அவுட்டில் (வெளியே போன பந்தை ஓரக்கோட்டிலிருந்து உள்ளே எறிவது) எம்பிப் பந்தைப் பிடிப்பது, கீழே விழுந்த ஆளின் மேல் குவிந்து பந்துக்குப் போராடுவது எல்லாம் ஃபார்வர்டுகளின் வேலை. ஓடுவதும் உதைப்பதும் இடைவெளி கண்டு புகுவதும் பேக்குகளின் வேலை. பெஞ்சில் எட்டுப் பேர். அதில் மூன்று பேர் ஸ்க்ரம்மின் முன்வரிசையில் ஆடப் பழகியவர்களாக இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. முன்வரிசையில் பழக்கமில்லாத ஆளை நிறுத்தினால் கழுத்து முறியும் அபாயம் உண்டு. மீதி ஐந்து இடத்தை அணி தன் விருப்பப்படி நிரப்பலாம். வழக்கமான பிரிப்பு ஐந்து ஃபார்வர்டு, மூன்று பேக். பேக்குகளில் யாராவது காயம்பட்டால் ஈடுகட்ட அந்த மூன்று பேர்.

தென்னாப்பிரிக்கா 2019 உலகக் கோப்பையிலேயே இதை 6-2 ஆக மாற்றியிருந்தது. அந்தப் பெஞ்சுக்கு ரசிகர்கள் மத்தியில் ‘பாம் ஸ்க்வாட்’ என்று பெயர். இரண்டு பக்கத்து ஃபார்வர்டுகளும் நாற்பத்தைந்து, ஐம்பது நிமிடம் முட்டி மோதிக் களைத்துப்போன நேரத்தில், தென்னாப்பிரிக்கா மட்டும் ஒரே மூச்சில் ஒரு புது முன்வரிசையையே இறக்கும். எதிரணியின் களைத்த தோள்கள் மேல் புதுத் தோள்கள் வந்து இடிக்கும். ஒரு சர்வதேச அணியின் எட்டு ஃபார்வர்டுகளும் சேர்ந்தால் எடை கிட்டத்தட்ட 900 கிலோ. அதில் பெரும்பங்கு புதிதாக வந்து இறங்கினால் ஸ்க்ரம்மில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்க்ரம் சரிந்தால் பெனால்டி. பெனால்டி என்றால் மூன்று புள்ளி. பெரிய போட்டிகளில் கணக்கு இப்படித்தான் போகிறது.

7-1 என்பது முதலில் திட்டமிட்டு வந்ததே இல்லை. 2023 ஆகஸ்ட் 25 அன்று லண்டன் ட்விக்கனமில் உலகக் கோப்பைக்கு முந்தைய பயிற்சிப் போட்டி. எதிரணி இதே நியூசிலாந்து. கடைசி நேரத்தில் வில்லி லெ ரூ ஆட முடியாமல் போக, அவர் இடத்தில் இன்னொரு பேக்கை வைக்காமல் குவாகா ஸ்மித் என்ற ஃபார்வர்டை பெஞ்சில் வைத்தார்கள். அந்த இரவு ஆட்டம் 35-7 என்று முடிந்தது. ஆல் பிளாக்ஸ் எனப்படும் நியூசிலாந்து அணி தன் வரலாற்றில் கண்ட மிகப் பெரிய தோல்வி அது. நியூசிலாந்து ரசிகர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள்: முதல் பாதியிலேயே ஸ்காட் பாரெட் இரண்டு மஞ்சள் அட்டை (ஒரு மஞ்சளுக்குப் பத்து நிமிடம் வெளியே) வாங்கிச் சிவப்பில் வெளியே போனார், பதினான்கு பேரோடு ஆடியதை வைத்து எதை அளப்பது? நியாயமான கேள்விதான். அதற்கு ஆறு வாரம் முன்பு ஜூலையில் ஆக்லாந்தில் இதே தென்னாப்பிரிக்காவை நியூசிலாந்து 35-20 என்று வென்றிருந்ததையும் சேர்த்துச் சொன்னார்கள்.

சரி, தற்செயலாக வந்த 7-1 உலகக் கோப்பையில் வேலை செய்ததா? செப்டம்பர் 23 அன்று அயர்லாந்துக்கு எதிராக அதே பிரிப்போடு இறங்கினார்கள். 13-8 என்று தோற்றார்கள். ஆனால் அன்று தோற்றது பெஞ்சால் இல்லை, உதையால். கம்பங்களுக்கு நடுவே போயிருக்க வேண்டிய பந்துகள் வெளியே போய்ப் பதினொரு புள்ளிகள் வீணாயின. அப்புறம் காலிறுதிக்கும் அரையிறுதிக்கும் பேசாமல் 5-3-க்குத் திரும்பிவிட்டார்கள். ஆகவே இறுதிப் போட்டிக்கும் அதே பெஞ்ச்தான் என்று பலர் நினைத்திருந்த நேரத்தில் மறுபடி 7-1 வந்தது அதிர்ச்சிதான். லெ ரூ ஒருவர் மட்டுமே பேக். அணியில் மாற்று ஸ்க்ரம்-ஹாஃப் கிடையாது. அரையிறுதியைத் தொடங்கிய கோபஸ் ரைனாக் 23 பேரிலேயே இல்லை.

ஸ்க்ரம்-ஹாஃப் என்பவர் ஒன்பதாம் எண் சட்டைக்காரர். ஒவ்வொரு முறை ஆள் விழும்போதும் குவியலிலிருந்து பந்தை எடுத்து அடுத்தவருக்குத் தருபவர் அவர்தான். ஒரு போட்டியில் பந்தை அதிகம் தொடுபவரும் அவராகத்தான் இருப்பார். அவருக்கு மாற்று இல்லாமல் உலகக் கோப்பை இறுதிக்குப் போவதா? ஃபாஃப் டி கிளெர்க் முதல் ஐந்து நிமிடத்தில் கணுக்கால் சுளுக்கிக்கொண்டால் என்ன செய்வீர்கள்? தென்னாப்பிரிக்க ரசிகர்களிலேயே பாதிப் பேர் கேட்ட கேள்வி இது. மறுபாதி சொன்னது: காயம் வந்தால் வரட்டும், வராவிட்டால் கடைசி அரை மணி நேரம் நம்முடையது.

இதைவிட ஆழமான பயம் இன்னொன்று இருந்தது. அதைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான் என்றாலும், என் கணிப்பில் அந்த வாரம் முழுவதிலும் கூர்மையாகப் பேசியவர்கள் அவர்கள்தான். அது ஹூக்கர் பற்றிய பயம். முன்வரிசை மூவரில் நடுவில் நிற்பவர் ஹூக்கர். லைன்-அவுட்டில் பந்தை எறிவதும் அவர் வேலை. பந்து இரண்டு அணிக்கும் நடுவே நேராகப் போக வேண்டும். சொந்த ஆட்கள் ஒருவரைத் தூக்கிப் பிடித்திருக்கும் அந்த ஒரு நொடியில், அவர் கை எட்டும் உயரத்தில் போய்ச் சேர வேண்டும். அரை நொடி தாமதித்தால் பந்து எதிரணிக்கு. வருடக்கணக்கில் பழகினால்தான் கை வரும் வேலை.

உலகின் சிறந்த ஹூக்கர்களில் ஒருவரான மால்கம் மார்க்ஸ் செப்டம்பரில் பயிற்சியின்போது முழங்கால் காயத்தோடு வீடு திரும்பினார். அவர் இடத்துக்கு இன்னொரு ஹூக்கரை அழைப்பார்கள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அழைத்ததோ உதைப்பாளர் ஹான்ட்ரே பொல்லார்டை! அதன் பிறகு அணியில் முழுநேர ஹூக்கர் பொங்கி ம்பொனாம்பி ஒருவர் மட்டுமே. அவருக்கு மாற்றாக வைத்திருந்த டியான் ஃபூரிக்கு வயது 37. முன்பு ஹூக்கராக ஆடியவர் என்றாலும் நெடுநாளாக ஸ்க்ரம்மின் ஓரத்தில் நிற்கும் ஃபிளாங்கராகத்தான் ஆடிவந்தார். ஆக, பெஞ்சில் ஏழு ஃபார்வர்டு இருந்தும் உள்ளதிலேயே நுட்பமான ஃபார்வர்டு இடத்துக்குச் சரியான மாற்று இல்லை.

பொல்லார்டை அழைத்த காரணம் எல்லோருக்கும் தெரியும். அதுவே அடுத்த வாதம். தொடரைத் தொடங்கியபோது, ஆட்டத்தை வழிநடத்தும் பத்தாம் எண் சட்டை மானி லிபொக்குடையது. அவர் பந்தைக் கையில் வைத்திருக்கும்போது என்ன செய்வார் என்று எதிரணிக்குத் தெரியாது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் கம்பத்தைப் பார்த்து உதைக்க வரும்போது மனம் பதறும். பொல்லார்ட் நேர்மாறு. பெரிய ஆச்சரியம் எதுவும் தரமாட்டார், உதைத்தால் போகும். இங்கிலாந்துக்கு எதிரான அரையிறுதியில் 31-ஆவது நிமிடத்திலேயே லிபொக்கை வெளியே எடுத்துவிட்டுப் பொல்லார்டை இறக்கினார்கள். கடைசிப் பத்து நிமிடம் நெருங்கும் வரை இங்கிலாந்து 15-6 என்று முன்னிலை. ஆர்.ஜி. ஸ்னைமன் ஒரு டிரை போட்டார் (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது, ஐந்து புள்ளி; அதன் பின் கம்பத்துக்கு உதைக்கும் கன்வர்ஷன் போனால் இன்னும் இரண்டு). பிறகு ஒரு ஸ்க்ரம்மில் பெஞ்சிலிருந்து வந்த ஓக்ஸ் என்செ இங்கிலாந்தை மடக்கிப் பெனால்டி வாங்கித் தந்தார். சுமார் ஐம்பது மீட்டரிலிருந்து பொல்லார்ட் உதைத்தார். 16-15. இதைப் பார்த்த பிறகும் இறுதியில் லிபொக் தொடங்க வேண்டும் என்று வாதாடியவர்கள் இருந்தார்கள். அவர்கள் ஆசைப்பட்டது ஆட்டத்தின் அழகுக்கு. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பயிற்சியாளர் ஜாக் நீனாபரும் அவருக்கு மேலிருந்த ரஸ்ஸி எராஸ்மஸும் லிபொக்கைப் பெஞ்சில்கூட வைக்கவில்லை.

நியூசிலாந்துப் பக்கம் வாதங்கள் வேறு தொனியில் இருந்தன. அங்கே ரசிகர்களுக்கு இன்னும் நம்பிக்கை முழுதாகத் திரும்பியிருக்கவில்லை. பயிற்சியாளர் இயன் ஃபாஸ்டரின் காலத்தில், 2022-இல் சொந்த மண்ணில் அயர்லாந்திடம் தொடரை இழந்தார்கள். அர்ஜென்டினாவிடமும் சொந்த மண்ணில் தோற்றார்கள். உலகக் கோப்பைக்கு ஆறு மாதம் முன்பே, அடுத்த பயிற்சியாளர் ஸ்காட் ராபர்ட்சன் என்று வாரியம் அறிவித்துவிட்டது. போகப்போகிறவர் என்று முத்திரை குத்தப்பட்ட ஆள்தான் அணியை இறுதிவரை கொண்டுவந்திருந்தார். தொடரின் முதல் ஆட்டத்தில் பிரான்ஸிடம் 27-13 என்று தோல்வி; உலகக் கோப்பைப் பிரிவுச் சுற்றில் ஆல் பிளாக்ஸ் தோற்றது அதுவே முதல் முறை. அங்கிருந்து எழுந்து வந்து, தொடர்ந்து 17 போட்டிகளை வென்றிருந்த அயர்லாந்தைக் காலிறுதியில் 28-24 என்று வீழ்த்தினார்கள். அந்த ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தை ரக்பி பார்ப்பவர்கள் மறக்கமாட்டார்கள். அயர்லாந்து 37 கட்டங்கள் (ஆள் விழுந்து குவியலிலிருந்து பந்து மறுபடி வெளியே வருவது ஒரு கட்டம்) பந்தை விடாமல் முன்னேறிக்கொண்டே இருந்தது. கடைசியில் சாம் ஒயிட்லாக் குனிந்து பந்தைப் பற்றிப் பெனால்டி வாங்கினார். ஒயிட்லாக் 2011-லும் 2015-லும் கோப்பையைத் தொட்டவர். இன்னொன்று கிடைத்தால் மூன்று உலகக் கோப்பைகள் வென்ற முதல் ஆண் வீரர் என்ற பெயர். இறுதிப் போட்டிக்கு அவரைத் தொடக்கத்தில் இறக்காமல் பெஞ்சில் வைத்தது சரியா என்று அங்கே ஒரு சண்டை. வில் ஜோர்டன் அதற்குள் எட்டு டிரை போட்டு ஒரே தொடருக்கான சாதனையைச் சமன் செய்திருந்தார். ஒன்பதாவது வருமா என்று இன்னொரு எதிர்பார்ப்பு.

ஓய்வு நாள் பற்றியும் பேச்சு இருந்தது. நியூசிலாந்தின் அரையிறுதி வெள்ளிக்கிழமை. அர்ஜென்டினாவை 44-6 என்று சுருட்டிவிட்டு முக்கிய வீரர்களைச் சீக்கிரமே வெளியே எடுத்து ஓய்வு கொடுக்க முடிந்தது. தென்னாப்பிரிக்காவோ பிரான்ஸை 29-28 என்றும், மறுவாரம் சனிக்கிழமை மழையில் இங்கிலாந்தை 16-15 என்றும் வென்று, அடிபட்டு வந்திருந்தது. புது ஃபார்வர்டுகள் அவ்வளவு பேர் வேண்டும் என்று நீனாபர் நினைத்ததற்கு இந்தக் களைப்பும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பதே என் ஊகம்.

தொடரின் அமைப்பின் மேலேயே ரசிகர்களுக்குக் கோபம் இருந்தது. பிரிவுகளைத் தீர்மானிக்கும் குலுக்கலை 2020 டிசம்பரிலேயே, போட்டிக்கு ஏறக்குறைய மூன்று வருடம் முன்பே, முடித்துவிட்டார்கள். அதற்குள் தரவரிசை தலைகீழாகிவிட்டது. அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா, பிரான்ஸ், நியூசிலாந்து என்று உலகின் நான்கு வலுவான அணிகள் காலிறுதியிலேயே ஒன்றையொன்று வெட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. அயர்லாந்து, பிரான்ஸ் ரசிகர்கள் இறுதிப் போட்டியை ஆர்வத்தைவிட ஆற்றாமையோடுதான் எதிர்நோக்கினார்கள்.

அப்புறம் நடுவர். வெய்ன் பார்ன்ஸ் என்ற பெயர் அறிவிக்கப்பட்டதும் இரண்டு நாட்டு ரசிகர்களும் ஒரே நேரத்தில் முகம் சுளித்தது வேடிக்கையான ஒற்றுமை. நியூசிலாந்துக்காரர்களுக்கு 2007 காலிறுதி நினைவுக்கு வந்தது. கார்டிஃபில் பிரான்ஸிடம் 20-18 என்று தோற்ற அன்று, பிரான்ஸின் டிரைக்கு முந்தைய பாஸ் முன்னோக்கிப் போனதை நடுவர் கவனிக்கவில்லை. அந்த நடுவர் அப்போது இளைஞரான பார்ன்ஸ். தென்னாப்பிரிக்கர்களுக்கு 2022 நவம்பர் நினைவுக்கு வந்தது. மார்செய்யில் பிரான்ஸிடம் தோற்ற பிறகு எராஸ்மஸ் சமூக வலைத்தளத்தில் நடுவர் முடிவுகளைப் பற்றி அடுத்தடுத்துக் காணொளிகள் போட்டார். உலக ரக்பி அமைப்பு அவருக்கு இரண்டு போட்டித் தடை விதித்தது. அந்த ஆட்டத்துக்கும் நடுவர் பார்ன்ஸ். அந்த வாரம் சொல்லப்பட்ட எல்லாவற்றிலும் எனக்குப் பிடிக்காத வாதம் இதுதான். உலகிலேயே அதிக டெஸ்ட், அதாவது சர்வதேச, போட்டிகளுக்கு நடுவராக இருந்த ஒரு மனிதரை, பதினாறு வருடத்துக்கு முந்தைய ஒரு பாஸை வைத்து எடைபோடுவது ரசனை ஆகாது. இறுதிக்குப் பிறகு அவருக்குக் கொலை மிரட்டல் வரை போனதைப் பார்க்கும்போது அந்தப் பேச்சின் விலை என்ன என்று தெரிகிறது.

வாரம் முழுக்க ம்பொனாம்பி மீதும் ஒரு நிழல் இருந்தது. அரையிறுதியில் அவர் தன்னிடம் இனவெறிச் சொல் பேசியதாக இங்கிலாந்தின் டாம் கரி புகார் சொன்னார். விசாரணை நடந்தது. அணி அறிவிக்கப்பட்ட அதே வியாழக்கிழமை, குற்றச்சாட்டைத் தொடரப் போதிய ஆதாரம் இல்லை என்று உலக ரக்பி அமைப்பு சொன்னது. இரண்டு வீரர்களுமே வலைத்தளங்களில் வசை வாங்கினார்கள். அவருக்குத் தடை விழுந்தால் ஹூக்கர் இடத்தில் யார் என்ற கேள்வி தென்னாப்பிரிக்க ரசிகர்களைத் தூங்கவிடவில்லை. அந்தக் கேள்விக்கு விடை சனிக்கிழமை வேறு வழியில் வந்தது.

இந்த இரண்டு அணிகளின் சண்டை ஏன் மற்ற எந்தப் போட்டியையும்விடச் சூடாக இருக்கிறது என்று கேட்டால் நூறு வருடம் பின்னால் போக வேண்டும். முதல் டெஸ்ட் 1921 ஆகஸ்ட்டில், நியூசிலாந்தின் டனீடனில் நடந்தது. பல பத்தாண்டுகளாக ரக்பியின் உண்மையான உலகச் சாம்பியன் யார் என்பது இந்த இரண்டு நாடுகளுக்கு இடையில்தான் முடிவாகும் என்று இருவருமே நம்பினார்கள். அதோடு நிறவெறியும் ஒட்டிக்கொண்டது. 1960-இல் தென்னாப்பிரிக்கச் சுற்றுப்பயணத்துக்குப் பூர்வகுடி மாவோரி வீரர்கள் இல்லாத அணியை நியூசிலாந்து அனுப்பியது. ‘மாவோரி இல்லையென்றால் பயணமும் இல்லை’ என்று நியூசிலாந்தில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். 1970-இல் மாவோரி வீரர்களைக் ‘கௌரவ வெள்ளையர்கள்’ என்று பெயரிட்டு உள்ளே விட்டது தென்னாப்பிரிக்க அரசு. 1976-இல் நியூசிலாந்து மறுபடி அங்கே ஆடப் போனதால், இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகள் மான்ட்ரியல் ஒலிம்பிக்கையே புறக்கணித்தன. 1981-இல் ஸ்பிரிங்பாக்ஸ் எனப்படும் தென்னாப்பிரிக்க அணி நியூசிலாந்து வந்தபோது ஹாமில்டனில் போராட்டக்காரர்கள் மைதானத்துக்குள் புகுந்து ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஆக்லாந்து ஈடன் பார்க்கில் சிறு விமானம் ஒன்று தாழப் பறந்து மாவுப் பொட்டலங்களைக் களத்தில் போட்டது. ஒரு நியூசிலாந்து வீரர் அடிபட்டு விழுந்தார். நியூசிலாந்தில் ஒரே வீட்டுக்குள் அப்பாவும் மகளும் பேசாமல் இருந்த காலம் அது.

தென்னாப்பிரிக்காவுக்குள் இதற்கு இன்னொரு முகம் உண்டு. நிறவெறிக் காலத்தில் ஸ்பிரிங்பாக்ஸ் என்பது வெள்ளையரின் அணி. கேப் டவுன் நியூலேண்ட்ஸ் மைதானத்தில் தங்களுக்கென்று ஒதுக்கிய மூலையில் நின்ற மக்கள், வந்த அணி எதுவோ அதற்காகக் கத்தினார்கள். நியூசிலாந்துக்கு அங்கே பெரிய கூட்டமே உருவானது. நிறவெறி போன பிறகும் அந்தப் பாசம் போகவில்லை. கேப் டவுனில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் அணியான குரூசேடர்ஸை ஆதரிப்பவர்களுக்குக் ‘கேப் குரூசேடர்ஸ்’ என்றே பெயர். 1995 ஜூன் 24 அன்று ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில், ஆறாம் எண் போட்ட பச்சைச் சட்டையோடு நெல்சன் மண்டேலா களத்துக்கு வந்ததன் கனம் இந்தப் பின்னணியில்தான் முழுதாகப் புரியும். அன்றும் எதிரணி நியூசிலாந்து. கூடுதல் நேரத்தில் ஜோயல் ஸ்டிரான்ஸ்கியின் டிராப் கோல் (பந்தைத் தரையில் விட்டு அது எழும்பும்போது கம்பத்துக்கு உதைப்பது), 15-12. 2023-இல் அதே ஆறாம் எண் சட்டையில் அணித்தலைவர் சியா கொலிசி, ஸ்பிரிங்பாக்ஸின் முதல் கறுப்பினத் தலைவர். அப்பா ஆல் பிளாக்ஸ், பிள்ளை ஸ்பிரிங்பாக்ஸ் என்று பிரிந்து நிற்கும் கேப் டவுன் வீடுகளில் அந்த வாரம் நடந்த வாதத்தை, பெஞ்ச் கணக்கை மட்டும் வைத்து விளக்க முடியாது.

இலங்கை வாசகர்களுக்கு இந்தச் சூடு ஓரளவு பழக்கம். கொழும்பு ரோயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டி கல்லூரியும் பிராட்பி கேடயத்துக்காக இரண்டு கட்டமாக மோதும் நாட்களில், முதல் கட்டத்தின் புள்ளிக் கணக்கை வைத்து அங்கே பழைய மாணவர்கள் போடும் கூட்டல் கழித்தலைக் கேட்டவர்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் ரக்பி பார்ப்பவர்கள் குறைவு. 2023 இறுதி இந்திய நேரப்படி நள்ளிரவு 12.30-க்குத் தொடங்கியது. நியூசிலாந்தில் அப்போது ஞாயிறு காலை 8 மணி.

ஆட்டம் தொடங்கி மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு குவியலில் ஷானன் ஃபிரிஸல் மேலே விழ, ம்பொனாம்பியின் கால் அடியில் சிக்கியது. ஃபிரிஸலுக்கு மஞ்சள் அட்டை. ம்பொனாம்பி நொண்டிக்கொண்டு வெளியே போனார், திரும்பவில்லை. கொஞ்சம் பேர் மட்டும் பயந்த அதே விஷயம், அத்தனை சீக்கிரம்! 37 வயது ஃபூரி உள்ளே வந்து, கிட்டத்தட்ட முழு ஆட்டத்தையும் ஹூக்கராக ஆடினார். லைன்-அவுட்டில் அவர் எறிந்த பந்துகள் சில நியூசிலாந்துக்குப் போயின. அதனால் தென்னாப்பிரிக்காவின் பெரிய ஆயுதமான லைன்-அவுட் தாக்குதல் அன்று கடைசி வரை உருப்படவில்லை. 7-1-ஐ எதிர்த்தவர்கள் ஆபத்து எங்கே இருக்கிறது என்று சொன்னது சரி. ஆனால் அதே ஃபூரி களம் முழுக்க ஆளை ஆளை விழுத்திக்கொண்டே இருந்தார். ஹூக்கர் வேலையில் விட்டதை ஃபிளாங்கர் வேலையில் ஈடுகட்டினார்.

பொல்லார்ட் நான்கு பெனால்டி உதைத்தார், நான்கும் போயின. முதல் பாதி 12-6. அன்று தென்னாப்பிரிக்கா எடுத்த புள்ளிகள் அவ்வளவுதான். இரண்டாம் பாதியில் ஒரு புள்ளிகூட இல்லை. செப்டம்பரில் ஹூக்கருக்குப் பதில் உதைப்பாளரை அழைத்த முடிவு லைன்-அவுட்டைக் கெடுத்தது, கோப்பையைக் கொடுத்தது. இரண்டுமே உண்மை.

28-ஆவது நிமிடத்தில் நியூசிலாந்து அணித்தலைவர் சாம் கேன், ஜெஸ்ஸி கிரீலின் தலையில் தோளால் மோதினார். முதலில் மஞ்சள். அந்தத் தொடரில் புதிதாக வந்த ஏற்பாட்டின்படி, களத்துக்கு வெளியே இருக்கும் அதிகாரி எட்டு நிமிடத்துக்குள் காணொளியைப் பார்த்து அதைச் சிவப்பாக உயர்த்தலாம். உயர்த்தினார். ஆண்கள் உலகக் கோப்பை இறுதியில் முதல் சிவப்பு அட்டை. இரண்டாம் பாதித் தொடக்கத்தில் கொலிசியும் ஆர்டி சவேயாவின் தலையில் மோதினார். அது மஞ்சளோடு நின்றது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நியூசிலாந்து ரசிகர்கள் இன்றும் கேட்கிறார்கள். கேன் நிமிர்ந்த நிலையில் நேராக, வேகத்தோடு போய் மோதினார். கொலிசி கடைசிக் கணத்தில் உடலைத் தாழ்த்த முயன்றார். அதிகாரிகளின் விளக்கத்தின் சாரம் இது. நான் அதை ஏற்கிறேன். ஆனாலும் வெளியே போனது இறுதிப் போட்டியின் ஐம்பது நிமிடம் என்பதால் அந்த வலி எனக்குப் புரிகிறது.

பதினான்கு பேரோடு நியூசிலாந்து ஆடிய இரண்டாம் பாதிதான் அந்தத் தொடரிலேயே எனக்கு மிகவும் பிடித்த நாற்பது நிமிடம். ஆரன் ஸ்மித் ஒரு டிரை போட்டார். அதற்கு முன்பு ஒரு லைன்-அவுட்டில் பந்து சவேயாவின் கையிலிருந்து முன்னால் தவறியது என்று திரை நடுவர் சொல்ல, அது ரத்தானது. அவ்வளவு கட்டங்கள் பின்னோக்கிப் போய்ப் பார்க்க அவருக்கு விதிப்படி அதிகாரம் இருந்ததா என்ற வாதத்தில் நியூசிலாந்தின் பக்கம் நியாயம் இருக்கிறது. நான்கு நிமிடத்தில் போடன் பாரெட் இன்னொரு டிரை போட்டார், 12-11. ரிச்சி மோவாங்காவின் கன்வர்ஷன் வெளியே போனது. 73-ஆவது நிமிடத்தில் செஸ்லின் கோல்பி வேண்டுமென்றே பந்தைத் தட்டியதற்கு மஞ்சள் அட்டை வாங்கினார். நாற்காலியில் உட்கார்ந்து சட்டையால் முகத்தை மூடிக்கொண்டார், மிச்ச ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெனால்டியை ஜோர்டி பாரெட் ஏறக்குறைய ஐம்பது மீட்டரிலிருந்து உதைத்தார். வலது பக்கம் விலகிப் போனது.

ஆக, ஏழு ஃபார்வர்டு பெஞ்ச் எதிரணியை இடித்துத் தள்ளும் என்று நம்பியவர்களுக்கும் அது நடக்கவில்லை. அன்று பாம் ஸ்க்வாட் செய்தது தடுக்கும் வேலை. ஒரு புள்ளி முன்னிலையை வைத்துக்கொண்டு இருபது நிமிடத்துக்கு மேல் விழுத்தி, எழுந்து, மறுபடி விழுத்தினார்கள். பீட்டர்-ஸ்டெஃப் டு டாய்ட் ஒருவரே 28 டேக்கிள் (பந்தோடு வருபவரைப் பிடித்து விழுத்துவது) செய்து ஆட்ட நாயகன் ஆனார். புதுக் கால்கள் பக்கத்தில் இல்லாமல் அவரால் அவ்வளவு ஓடியிருக்க முடியுமா என்பது சந்தேகம். டி கிளெர்க் காயம்படவில்லை. கடைசி நொடிகளில் கிடைத்த ஸ்க்ரம்மில் பந்தை உள்ளே போட்டதும் அவர்தான். காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றையும் ஒவ்வொரு புள்ளியில் வென்று தென்னாப்பிரிக்கா நான்காவது கோப்பையை எடுத்தது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, டோங்கா எல்லாம் இருந்த பிரிவில் தொடங்கி வந்த அணி அது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அந்த வாரத்து வாதங்களில் சில பிறகு விதிகள் வரை போயின. 2027 ஆஸ்திரேலிய உலகக் கோப்பைக்கான குலுக்கலை 2025 டிசம்பர் வரை தள்ளிவைத்தார்கள். சிவப்பு அட்டை வாங்கியவருக்குப் பதில் இருபது நிமிடம் கழித்து இன்னொருவரை இறக்கலாம் என்ற ஏற்பாடு ஐரோப்பாவின் 2025 சிக்ஸ் நேஷன்ஸ் தொடரிலும் வந்தது. அது இருந்திருந்தால் பாரிஸில் நியூசிலாந்து ஆட்டத்தின் கடைசி அரை மணி நேரத்தைப் பதினைந்து பேரோடு ஆடியிருக்கும். பெஞ்ச் வாதம் மட்டும் தீரவில்லை. இத்தனை புது ஃபார்வர்டுகள் களைத்த உடம்புகள் மேல் வந்து மோதுவது ஆபத்து, மாற்று வீரர்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று முன்னாள் வீரர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதற்குள் மற்ற நாடுகளும் 7-1-ஐ எடுத்துக்கொண்டுவிட்டன. 2025 மார்ச்சில் டப்ளினில் அயர்லாந்துக்கு எதிராகப் பிரான்ஸ் ஏழு ஃபார்வர்டுகளைப் பெஞ்சில் உட்காரவைத்தது. பிரான்ஸின் ஒன்பதாம் எண், அணித்தலைவர் அன்டோயின் டுபோன், முதல் பாதியிலேயே முழங்கால் காயத்தோடு வெளியே போனார். ஆனால் பிரான்ஸ் பெஞ்சில் வைத்திருந்த அந்த ஒற்றைப் பேக், மக்சிம் லூசு, ஸ்க்ரம்-ஹாஃப். பிரான்ஸ் 42-27 என்று வென்றது.